சேர்வராயன் மலையைக் குடைந்து வெந்நீர் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் தைவான் பக்கத்தில் இருக்கும் பச்சைத் தீவின் உப்பு வெந்நீர் ஊற்றைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாகப் படித்தேன். படத்தில் கடலோரமாகத் தெரிகிற மூன்று வட்டத் தொட்டிகளில் ஒன்றில்தான் நானும் என் வீட்டுக்காரம்மாவும் சென்ற ஆண்டு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சூரியன் எழுவதைப் பார்த்தோம். உடனே அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், "அட, நம்ம தொட்டி" என்றாள். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் கீழே இருந்த பெட்டிச் செய்தியைக் கவனித்தேன். ஏற்காடும் ஒரு காலத்தில் எரிமலைதான், ஏரி இருக்கிற பள்ளம்தான் அதன் வாய், ஆழமாகத் துளை போட்டால் சேர்வராயன் மலையிலும் இப்படி ஒரு வெந்நீர் ஊற்றைக் கொண்டுவந்து சுற்றுலாவை வளர்க்கலாம் என்று ஒரு யோசனை. அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்துப் பட்டம் வாங்கிய நிலவியல்காரன் இல்லை. மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றவன். வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பெங்களூர் ரோட்டில் போகும்போது வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக்காரன் அதைச் சுண்ணாம்பு மலை என்று நினைத்து சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அது சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைக்கும், வெள்ளைக்கல்லில் விட்டால் அவ்வளவு சீக்கிரம் நுரைக்காது, சூடு காட்டினால்தான் நுரைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். அப்போதிருந்து கல்லைப் பார்த்தால் கையில் எடுத்துப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது.

மகள் தைவானில் சின்ச்சு நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அங்கே நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய், எனக்கு மூட்டுவலி என்பதால், "அப்பா, உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று தைதுங் வரை ரயிலில் அழைத்துப் போனாள். அங்கிருந்து தீவு 33 கிலோமீட்டர், கப்பலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். வடகிழக்குக் காற்று அடிக்கிற மாதம், அலை தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஏறும்போதே ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்துவிடுகிறார்கள், பாதிப் பேருக்கு அது தேவைப்பட்டது. வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். போகிறவர்கள் காற்று குறைந்த மாதமாகப் பார்த்துப் போங்கள். கட்டுரையில் இதைச் சொல்லவில்லை, பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தீவு சின்னது. 15 சதுர கிலோமீட்டரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், சுற்றுச் சாலை மொத்தமும் 20 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், உச்சி 281 மீட்டர். ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து நான்கைந்து கொண்டை ஊசி வளைவு ஏறினால் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அங்கே மலையே. ஆனால் கல்! கப்பலை விட்டு இறங்கி நடக்கும்போதே கீழே குனிந்துவிட்டேன். சாம்பல் நிறம், உள்ளே வெள்ளைப் புள்ளியும் கருப்புப் புள்ளியுமாகச் சிறு படிகங்கள், சில துண்டுகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். ஆண்டிசைட் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். உருகிய குழம்பு மேலே வந்து வெளியில் சட்டென்று ஆறினால்தான் கல் அப்படி இருக்கும், உள்ளே அடைபட்ட காற்று போன இடம்தான் அந்த ஓட்டை. பிலிப்பைன்ஸ் பக்கம் லூசானிலிருந்து வடக்கே கடலுக்குள் வரிசையாக எழும்பிய எரிமலைகளில் இது ஒன்று, பக்கத்தில் இருக்கிற ஆர்க்கிட் தீவும் அதே வரிசைதான். வெடிப்பதை நிறுத்திப் பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆனால் அடியில் சூடு இன்னும் போகவில்லை.

ஊற்றுக்கு ஜாவ்ரி என்று பெயர், உதயசூரியனைப் பார்த்தபடி இருப்பது என்று அர்த்தமாம். தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. நாங்கள் விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். நீச்சல் உடுப்பும் தலைக்குத் தொப்பியும் கட்டாயம், மகள் அவள் அம்மாவுக்காக முழுக்கை, முழுக்கால் வைத்த உடுப்பாகத் தேடி வாங்கி வைத்திருந்தாள். முதலில் நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவ வேண்டும், அப்புறம்தான் உள்ளே இறங்கலாம். மேலே கட்டடத்தை ஒட்டிக் கட்டிய குளங்கள் இருக்கின்றன, நாங்கள் அங்கே நிற்காமல் படி இறங்கிக் கீழே பாறைகளுக்கு நடுவில் இருந்த வட்டத் தொட்டிகளுக்குப் போனோம். அலை வந்து மோதுகிற இடத்தில் இருக்கின்றன அவை. கடல் ஏறினால் அலை உள்ளேயே வந்து விழுகிறது. அப்போது முதுகுப் பக்கம் ஜில்லென்றும் காலடியில் சுள்ளென்றும் ஒரே நேரத்தில் இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு, நாக்கில் பட்டால் கடல் உப்பு, தோலில் தேய்த்தால் கொஞ்சம் வழுவழுப்பு. கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும் என்று பயந்துகொண்டு போனேன், லேசாகத்தான் இருந்தது.

ஊற்று வெளியே வருகிற இடங்களில் சூடு 53 டிகிரியிலிருந்து 93 டிகிரி வரை இருக்கிறது. 93 டிகிரி என்றால் அது குளிக்கிற தண்ணீர் இல்லை, முட்டை வேகிற தண்ணீர். உண்மையிலேயே ஒரு ஓரத்தில் முட்டையையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் கூடையில் போட்டு வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நாங்களும் முட்டை போட்டோம். மகள் கொஞ்சம் முந்தி எடுத்துவிட்டாள், வெள்ளைக்கரு முழுசாக இறுகவில்லை, இருந்தாலும் அந்தக் குளிரில் அது எவ்வளவு ருசி என்று சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தண்ணீர் எப்படிச் சூடாகிறது, உப்பு எங்கிருந்து வருகிறது என்று உங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாமல் 'இயற்கையின் அதிசயம்' என்று முடித்துவிட்டது. அங்கேதான் எனக்கு வருத்தம். அதிசயம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் யோசிக்க மாட்டார்கள். நடப்பது என்னவென்றால், தீவின் பாறை முழுக்க விரிசல். கடல்நீர் அந்த விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது, மேலே பெய்கிற மழைநீரும் கொஞ்சம் இறங்குகிறது. ஆழத்தில் பழைய எரிமலையின் சூடு மிச்சம் இருக்கிற பாறையைத் தொட்டுக் கொதிநிலைக்கு வருகிறது. சூடான தண்ணீர் இலேசாகிவிடும் அல்லவா, அதனால் வேறு விரிசலைப் பிடித்து மேலே ஏறிக் கரையில் வெளியே வருகிறது. கடலிலிருந்து போனதால் உப்பு, அவ்வளவுதான். பெரும்பாலான வெந்நீர் ஊற்றுகளில் மழைநீர்தான் கீழே போய்த் திரும்பி வருகிறது, அதனால் அவை கடல் மாதிரி உப்புக் கரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஒரு லிட்டர் கடல்நீரில் மொத்தம் 35 கிராம் அளவுக்கு உப்புகள் இருக்கின்றன, அதில் ஒன்றேகால் கிராமுக்கு மேல் மெக்னீசியம். எங்கள் வெள்ளைக்கல்லில் இருக்கிற அதே மெக்னீசியம்தான். கடல்நீர் ஆழத்தில் சூடான எரிமலைப் பாறையோடு சேரும்போது மெக்னீசியத்தைப் பாறையிலேயே விட்டுவிட்டு, பாறையிலிருந்து கால்சியத்தையும் சிலிக்காவையும் வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அதாவது உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் ஒன்றில்லை. 31 வருஷம் மெக்னீசியத்தை வெட்டி எடுத்துச் சூளைக்கு அனுப்பியவனுக்கு, தண்ணீரும் கல்லும் இப்படிக் கொடுத்து வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. நம் சேலத்து வெள்ளைக்கல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான், மெக்னீசியம் நிறைந்த டியூனைட் என்கிற பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த தண்ணீர் புகுந்து, பாறையை மாற்றி, வெள்ளை நரம்பு நரம்பாக உண்டாக்கியது.

அப்புறம், உலகத்திலேயே மூன்று இடங்களில்தான் உப்பு வெந்நீர் ஊற்று உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். சுற்றுலா விளம்பரங்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள், அதை அப்படியே எடுத்துப் போட வேண்டியதில்லை. கடலுக்கு நடுவில் எரிமலைத் தீவு இருந்தால் கரையில் உப்பு வெந்நீர் வருவதில் என்ன ஆச்சரியம்? ஜப்பானில் டோக்கியோ நிர்வாகத்தில் இருக்கிற ஷிகினே தீவில் ஜினாட்டா என்று ஒரு ஊற்று, இரும்பு கலந்து துருப்பிடித்த தண்ணீர் மாதிரிச் செம்பழுப்பாக இருக்கும், மூலத்தில் 80 டிகிரி சூடு, கடல் ஏறி இறங்குகிற நேரம் பார்த்துத்தான் குளிக்க முடியும். போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுகளில் சான் மிகேல் தீவின் ஃபெராரியா முனையில் பாறைக்கு நடுவே கடலுக்குள்ளேயே வெந்நீர் வருகிறது, அலை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் குளிப்பார்கள். இத்தாலியில் இஸ்கியா தீவின் சோர்ஜெட்டோ கரையும் அப்படியே. ஐஸ்லாந்தின் ப்ளூ லகூனையும் பலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள், அது பூமிச்சூட்டில் மின்சாரம் எடுக்கிற நிலையத்திலிருந்து வெளியே விட்ட நீர் தேங்கி உண்டானது, இயற்கை ஊற்று கிடையாது. பச்சைத் தீவின் ஊற்று நல்ல ஊற்று, அழகான ஊற்று. மூன்றில் ஒன்று என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு என்பதில்லை.

மருத்துவ விஷயத்தில் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். தோல் நோய், வாதம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்து என்று போட்டிருக்கிறீர்கள். என் மூட்டுவலி அன்றைக்குக் குறைந்தது உண்மை, இரண்டு நாள் படி ஏற சுலபமாக இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டது. சூடு தசையையும் மூட்டையும் தளர்த்தும், நம் வீட்டில் உப்பைத் துணியில் கட்டிச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தாலும் அதேதான். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து என்று எழுதியது ஆபத்து. என் வீட்டுக்காரம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு, செருப்புக்குள் கல் இருந்தால்கூடத் தெரியாது. ஒரு தொட்டியில் அவள் காலை வைத்துவிட்டு "சூடே இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள். மகள் ஓடிவந்து, குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி விட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, காலை எடு, எடு" என்று கத்திவிட்டாள். எடுத்துப் பார்த்தால் பாதம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. நல்லவேளை, கொப்புளம் வரவில்லை. அதற்குப் பிறகு சூடு குறைந்த தொட்டியில், முதலில் மகள் இறங்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இறங்கினாள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே வந்து தண்ணீர் குடிக்க வைத்தோம். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. உங்கள் பத்திரிகையை நம்பி மணாலிப் பக்கம் மணிகரணுக்கோ வேறெங்கோ போகிற ஒரு சர்க்கரைக்காரர் காலைச் சுட்டுக்கொண்டால் அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஆறவே ஆறாது. அந்த ஒரு வரியை மட்டுமாவது தயவுசெய்து திருத்துங்கள்.

கட்டுரையில் இல்லாத இன்னொன்று, நான் அங்கே பார்த்ததில் மனசில் நின்றது அதுதான். அந்தத் தீவு ஒரு சிறைத் தீவு. தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் இருந்தது. 1951லிருந்து அரசை எதிர்த்தவர்கள், எதிர்த்ததாகச் சந்தேகப்பட்டவர்கள், மாணவர்கள், எழுதுகிறவர்கள் என்று பலரையும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். வடக்குக் கரையில் இப்போது அதை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள், சுவரில் பெயர் பெயராகச் செதுக்கியிருக்கிறது. கைதிகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பவளப்பாறைக் கல்லை உடைக்க வைத்து, அதைச் சுமந்து வந்து தங்களைச் சுற்றித் தாங்களே சுவர் கட்டும்படி செய்திருக்கிறார்கள். நான் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பவளக்கல் வெறும் கையில் பிடித்தால் கிழிக்கும், முனை முனையாக இருக்கும். எங்கள் சுரங்கத்தில் கையுறை வருவதற்கு முந்திய காலத்தில் கல் பொறுக்கிய பெண்களின் உள்ளங்கைகளைப் பார்த்தவன் நான், அதனால் அந்தச் சுவரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அந்தத் தீவுக்கு முன்பு நெருப்பில் எரிந்த தீவு என்று பொருள்படும் பெயர், 1949ல்தான் பச்சைத் தீவு என்று மாற்றினார்கள். வெந்நீரில் குளித்துவிட்டு வருகிறவர்கள் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வரட்டும், ஸ்கூட்டரில் போனால் அதிக நேரம் ஆகாது.

சரி, நம் மலைக்கு வருகிறேன். சேர்வராயன் மலை எரிமலை இல்லை. எந்தக் காலத்திலும் அங்கே எரிமலை வாய் என்று ஒன்று இருந்ததில்லை. அந்த மலையின் கல் சார்னோகைட். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் இருக்கிறதே, அதே இனக் கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லாக இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. சுமார் 250 கோடி ஆண்டு வயது. அது பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல், மேலே இருந்ததெல்லாம் காலப்போக்கில் அரித்துப் போனதால்தான் இன்றைக்கு நாம் அதன்மேல் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறோம். உடைத்துப் பாருங்கள், கறுப்புக் கலந்த நீலம், கொஞ்சம் பச்சை, எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும், ஒரு ஓட்டை இருக்காது. சம்மட்டியால் அடித்தால் மணி மாதிரிச் சத்தம் வரும். பச்சைத் தீவில் நான் பொறுக்கிய ஓட்டைக் கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

மலைக்கு மேலே தட்டையாக இருக்கிறதே, நடுவில் ஏரி இருக்கிறதே என்று கேட்பார்கள். நானே சின்ன வயதில் அப்படித்தான் நம்பினேன். கோடைக் கூட்டத்தில் கைடுகள்கூடச் சொல்கிறார்கள். மலைத் தலை தட்டையாக இருப்பது மழையும் வெயிலும் காலகாலமாக அரித்த வேலை, அந்த அரிப்பில் மிஞ்சியதுதான் மேலே இருக்கிற பாக்சைட் மண். ஏரி, சுற்றி இருக்கிற மேடுகளிலிருந்து தண்ணீர் இறங்கித் தேங்குகிற பள்ளம். மலையடிவாரத்தில் எங்கள் வெள்ளைக்கல் இருக்கிற பாறை, பூமியின் ஆழத்திலிருந்து உருகி ஏறி வந்தது என்பது உண்மைதான், ஆனால் அது வெளியே வெடித்து வழியவில்லை, உள்ளேயே நின்று ஆறி உறைந்துவிட்டது. அந்தச் சூடும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் தணிந்து முடிந்த கதை.

பெட்டிச் செய்தியில் இன்னொரு ஆதாரம் காட்டியிருக்கிறீர்கள், சேலத்தில் சில போர்வெல்களில் வெதுவெதுப்பான தண்ணீர் வருகிறது என்று. வரும். எங்கள் தெருவில் 1,100 அடி போட்டோம், எங்களுக்கும் விடியற்காலையில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும், சாதாரணமாக ஒரு கிலோமீட்டருக்கு 25 டிகிரி சுமாருக்குக் கூடும், நம்முடையது மாதிரிப் பழைய பாறை நிலத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கூடும். 1,100 அடி என்றால் 335 மீட்டர், அதற்கு ஆறேழு டிகிரி. மார்கழிக் குளிரில் அது கைக்கு வெந்நீர் மாதிரித் தெரியும், சித்திரையில் யாருக்கும் தெரியாது. இதே கணக்கில் ஏற்காட்டில் 60 டிகிரித் தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர், 6,500 அடிக்கு மேல் துளைக்க வேண்டும். அந்த ஆழத்தில் சார்னோகைட்டில் தண்ணீர் நிற்கிற அளவுக்கு விரிசல் எங்கே இருக்கப் போகிறது?

எரிமலை இல்லாத இடத்திலும் வெந்நீர் ஊற்று உண்டு, அதை மறுக்கவில்லை. மணிகரணில் அந்தக் கொதிநீரில்தான் குருத்வாராவுக்குச் சோறு வேகிறது, பீகாரில் ராஜ்கிர், வங்காளத்தில் பக்ரேஷ்வர், மும்பைக்குப் பக்கத்தில் வஜ்ரேஸ்வரி எல்லாம் இருக்கின்றன. அங்கெல்லாம் மழைநீர் பூமியில் ஆழமான பிளவுகள் வழியாக இறங்கிச் சூடாகித் தானாகவே மேலே வருகிறது, யாரும் துளை போட்டு வரவழைத்ததில்லை. உயிருள்ள எரிமலை நம் நாட்டில் வேண்டுமென்றால் அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே கடலில் இருக்கிற பாரன் தீவு, 1787ல் வெடித்ததாகப் பதிவு இருக்கிறது, நீண்ட காலம் அடங்கிக் கிடந்து 1991ல் மறுபடி எழுந்தது. அதைப் பற்றி ஒரு ஞாயிறு எழுதுங்கள், முதல் ஆளாகப் படிப்பேன்.

நான் இவ்வளவு வேகப்படுவதற்குக் காரணம் கல்லைப் பற்றிய தவறு மட்டும் இல்லை. துளை போடலாம் என்ற வார்த்தை அச்சில் வந்துவிட்டது. மலையில் ஏற்கெனவே துளை போட்டுத்தான் கெட்டுக் கிடக்கிறது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மலைக்கிராமத்து மலையாளி, கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி. திங்கட்கிழமை ஷிப்ட்டுக்கு வரும்போது அவர் ஊர் ஊற்றுத் தண்ணீரைப் பழைய எண்ணெய் டின்னில் பிடித்துக்கொண்டு வருவார். பாறை இடுக்கிலிருந்து விரல் தடிமனுக்கு விழும் தண்ணீர் அது, கீழே கல்லைக் குடைந்து தொட்டி மாதிரி வைத்திருப்பார்கள், மேலே ஒரு நாவல் மரம், தொட்டியின் விளிம்பில் பாசி, தண்ணீருக்குள் உதிர்ந்த நாவல் பழம் கிடக்கும். சித்திரை வெயிலில் குழிக்குள் வேலை செய்துவிட்டு அந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்தால் தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் அது இறங்குகிற வழி தெரியும். அவர் கல்யாணத்துக்குப் போனபோது அந்த ஊற்றில் நானே கை ஏந்திக் குடித்தேன். எந்தப் பஞ்சத்திலும் வற்றாது, எங்க தாத்தா காலத்திலிருந்து வற்றியதில்லை என்றார்.

போன கோடையில் அவரைப் பார்க்கப் போனேன். மேட்டில் ஒரு தங்கும் விடுதி வந்திருக்கிறது, மூன்று போர்வெல், நீச்சல் குளம். ஊற்று பங்குனியிலேயே நின்றுவிடுகிறது என்கிறார், இப்போது லாரியில் வரும் தண்ணீருக்கு அவர் வீட்டம்மா குடத்தோடு வரிசையில் நிற்கிறார். கல் தொட்டி அப்படியே இருக்கிறது, உள்ளே சருகும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும். மலை ஊற்று எப்படி வேலை செய்கிறது என்றால், மேலே மரம், அதன் கீழே இலைச்சருகு மண், அதற்குக் கீழே மக்கிப்போன பாறை, இது மூன்றும் சேர்ந்து பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கெட்டிப் பாறை ஆரம்பிக்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அந்தக் கெட்டிப் பாறையில் இருக்கிற விரிசலைத் துளை போட்டுத் திறந்து மோட்டார் வைத்து இழுத்தால் மேலே இருக்கிற பஞ்சு காய்ந்துவிடும். ஊற்று காய்ந்தால் ஓடை காயும். நம் திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் மலையில் பிறக்கிற ஆறுகள். சேலத்துக்குள் வந்த பிறகு மணிமுத்தாற்றை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும், பிறக்கிற இடத்திலாவது விட்டுவைப்போம்.

பச்சைத் தீவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் அது ஊற்றை அவர்கள் பார்த்துக்கொள்கிற விதம். குளிக்காமல் யாரும் உள்ளே இறங்குவதில்லை, சோப்பு கொண்டுபோக முடியாது, ஷாம்பு உறை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கிளியூர் அருவிக்குக் கீழே போய்ப் பாருங்கள், பாறை இடுக்கு முழுக்க ஷாம்பு உறையும் பாட்டிலும்தான். மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து மலையில் எத்தனை ஊற்று இருக்கிறது, எது எந்த மாதம் வரை ஓடுகிறது என்று ஊர் ஊராகப் போய் மலை மக்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மேலே இத்தனை தூரத்துக்குப் போர் போடக் கூடாது என்று எல்லை வைக்க வேண்டும். உங்கள் நிருபர் ஒருவரை ஒரு வாரம் மலைக்கு அனுப்பி அந்த வேலையை நீங்கள் ஆரம்பித்துவைத்தால் அதற்கு நான் கூட வருகிறேன். முட்டி வலித்தாலும் வருகிறேன், பாதி ஊற்றுகளுக்கு எனக்கு வழி தெரியும், மீதிக்கு என் நண்பருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. எதிர்வீட்டுப் பாப்பா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் பெட்டிச் செய்தியை வெட்டி சார்ட்டில் ஒட்டி, களிமண்ணில் ஏற்காட்டு மலை செய்து, ஏரி இருக்கிற இடத்தில் ஓட்டை வைத்து, ஆப்பசோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைக்க ஏற்பாடு செய்திருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் வருகிற வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. நான் நேற்று அவளிடம், "இது எரிமலை இல்லை சாமி" என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே தாத்தா" என்றாள். பச்சைத் தீவிலிருந்து கொண்டுவந்த ஓட்டைக் கல் ஒன்றும், ஏற்காட்டு ரோட்டோரம் எடுத்த சார்னோகைட் துண்டு ஒன்றும் அவள் கையில் கொடுத்து இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் உங்கள் திருத்தம் வந்தால் அதையும் வெட்டி அவளிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி,
மாமாங்கம், சேலம்.